காந்தாரி கண்ணைக் கட்டிய மேடையும் நம் ஊர்த் தறிக்கொட்டகையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் ஒரு டம்ளர் காபியோடு உட்காருங்கள். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, சோளிங்கர் பக்கம் பாரதம் வைக்கிற கோயில் கமிட்டிக்காரர்கள், பள்ளியில் ஆண்டு விழா நடத்துகிற ஆசிரியர்கள், என்னிடம் படித்து இன்று வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிற பிள்ளைகள், இந்த மூன்று தரப்பும் படிக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வட்டாரத்துக்கு ஒரு சின்ன நாடகக் கொட்டகை வேண்டும். முந்நூறு பேர் உட்காரும் இடம் போதும். அதில் நம் கூத்துக்காரர்கள் பழைய பாரதக் கூத்தும் ஆட வேண்டும், இன்றைய நம் வாழ்க்கையைச் சொல்லும் புது நாடகமும் ஆட வேண்டும். இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்காகத்தான் மீதிப் பதிவு.

2022 கடைசியில் மகள் வீட்டுக்குச் சிட்னி போயிருந்தேன். அங்கே சர்ரி ஹில்ஸ் என்ற பகுதியில் பெல்வோர் என்று ஒரு நாடக அரங்கம். மருமகன் டிக்கெட் எடுத்துவிட்டு, "மாமா, இலங்கைத் தமிழர் கதை. மகாபாரதமும் கலந்திருக்காம். உங்களுக்குப் பிடிக்கும், வாங்க" என்றார். நாடகத்தின் பெயர் 'தி ஜங்கிள் அண்ட் தி சீ'. காடும் கடலும் என்று சொல்லலாம். எழுதி இயக்கியவர்கள் எஸ். சக்திதரன், ஈமன் ஃப்ளாக் என்ற இருவர். சக்திதரன் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்தவர். ஃப்ளாக் ஆஸ்திரேலியர்.

சிட்னி என்றதும் அந்தக் கப்பல் பாய் மாதிரி இருக்கும் ஒபரா ஹவுஸ்தான் எல்லோருக்கும் நினைவு வரும். இது அப்படி இல்லை. தெருமுனையில் பழைய கட்டடம். உள்ளே போனால் ஓர் அறை, அதன் மூலையில் மேடை, மேடையைச் சுற்றி விசிறி மாதிரி இருக்கைகள். எங்கே உட்கார்ந்தாலும் நடிகர் முகத்தில் வியர்வை வழிவது தெரிகிறது. மைக் பிடித்துக் கத்த வேண்டிய அவசியமில்லை. எனக்கு உடனே நம் ஊர்க் கூத்துக் களரிதான் நினைவுக்கு வந்தது. மூன்று பக்கமும் சனங்கள், நடுவில் ஆட்டம், பின்னால் பெஞ்சில் பின்பாட்டுக்காரர்கள். அங்கேயும் ஓரத்தில் வீணையும் மிருதங்கமும் வைத்துக்கொண்டு நேரடியாக வாசித்தார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போரில் ஒரு குடும்பம் சிதறிப் போகிறது. யாழ்ப்பாணத்து நவாலியில் 1995 ஜூலையில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது விமானம் குண்டு போட்டதும், நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்துப் போர்தான் கதையின் களம். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், பிள்ளைகள் திசைக்கு ஒருவர். கௌரி என்ற அந்த அம்மா, தன் குடும்பம் மறுபடி ஒன்று சேரும்வரை உலகத்தைப் பார்க்கமாட்டேன் என்று கண்ணைத் துணியால் கட்டிக்கொள்கிறாள்.

அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பாரதம் கேட்டு வளர்ந்தவனுக்கு அது காந்தாரி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நம் காந்தாரி புருஷனுக்குக் கண் இல்லை என்பதற்காகக் கட்டிக்கொண்டாள். இந்தக் காந்தாரி பிள்ளைகளுக்காகக் கட்டிக்கொள்கிறாள். ஒரு முடிச்சை அவிழ்த்து வேறு விதமாகப் போட்டதில் ஐயாயிரம் வருஷத்துக் கதை என்று நாம் சொல்வது நேற்று நடந்த கதையாகிவிட்டது.

மகாபாரதம் மட்டுமல்ல, கிரேக்க நாட்டு நாடகம் ஒன்றையும் இதில் சேர்த்திருக்கிறார்கள். 'ஆன்டிகனி' என்று பெயர். சோபோகிளிஸ் எழுதி 2,400 வருஷத்துக்கு மேல் ஆகிறது. போரில் இறந்த அண்ணனைத் துரோகி என்று அறிவித்து, அவன் உடலைப் புதைக்கக் கூடாது என்று அரசன் ஆணையிடுகிறான். தங்கை ஆன்டிகனி ஆணையை மீறி மண் போடுகிறாள். அரசனின் சட்டம் பெரிதா, கூடப்பிறந்தவனுக்குச் செய்யும் கடன் பெரிதா என்பதுதான் கேள்வி. இறந்தவர்களுக்கு விளக்கு ஏற்றுவதற்கே அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரு தேசத்தின் கதையில் இந்தக் கேள்வியைக் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேடையில் என்ன இருந்தது என்கிறீர்கள்? கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. மேடைத் தரை சுழல்கிறது, அவ்வளவுதான். நடிகர் நடந்துகொண்டே இருக்கிறார், தரை அவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எவ்வளவு நடந்தும் வீடு வந்து சேராத ஏதிலிகளின் நடை கண் முன்னால் தெரிகிறது. காடு என்று மரம் நட்டு வைக்கவில்லை, கடல் என்று திரை கட்டவில்லை. கௌரியாக நடித்தவர் ஆனந்தவல்லி, பரதநாட்டியக் கலைஞர், சக்திதரனின் சொந்தத் தாயார். கண்ணைக் கட்டிக்கொண்டால் நடிகருக்குப் பாதி ஆயுதம் போச்சு என்பார்கள். அந்த அம்மா கழுத்தாலும் கையாலும் பார்த்தார். 'தீபன்' படத்தில் நடித்த காளீஸ்வரி சீனிவாசன் நம் தமிழ்நாட்டிலிருந்து போய் இதில் நடித்தார். அப்பா வேடத்தில் பெங்களூருவின் பிரகாஷ் பெலவாடி. பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஏறக்குறைய மூன்று மணி நேரம் போனது. பார்த்தவர்களில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரர்கள். இருமல் சத்தம்கூட இல்லை.

நாடகம் குறையே இல்லாதது என்று சொல்லமாட்டேன். இரண்டாம் பாதியில் ஒருவர் பின் ஒருவராகத் தத்துவம் பேசுகிறார்கள். கூத்தாக இருந்தால் அந்த இடத்தில் கட்டியக்காரன் வந்து ஒரு நக்கல் விட்டு ஆளை எழுப்பியிருப்பான். டிக்கெட் விலையும் நம் கணக்குக்கு மிக அதிகம். இருந்தாலும் வெளியே வந்தபின் மகளும் நானும் ரயிலடி வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

இதே ஜோடி இதற்கு முன்பு 2019-இல் 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' என்ற நாடகத்தைச் சிட்னி நகர மண்டபத்தில் போட்டார்கள். நான்கு தலைமுறை இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் கதை. நம் ஷோபாசக்தி அதில் நடித்தார். அது எடின்பரோவுக்குப் போனது, 2024-இல் நியூயார்க்குக்கும் போனது. தமிழில் பேசும்போது பக்கத்தில் நிற்கும் நடிகரே ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வார் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பக்கத்தில் இது புதிதா என்ன? திருத்தணி வட்டாரம் 1960 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் இரண்டும். இந்தப் பக்கம் தெருக்கூத்து என்றால் அந்தப் பக்கம் வீதி நாடகம். நம் கட்டியக்காரன் ராஜாவிடம் தமிழில் பேசிவிட்டு, முன்வரிசைக் கிழவியிடம் தெலுங்கில் குறும்பு பேசுவான். இரண்டு மொழியில் ஒரே மேடை என்பது நமக்குப் பாட்டன் சொத்து.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு வதம், கர்ண மோட்சம். கடைசி நாள் காலையில் மைதானத்தில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம். பீமன் தொடையைப் பிளப்பதும் திரௌபதி கூந்தல் முடிப்பதும் பார்க்கச் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் கூடும். குலவை எழும்பும். அதற்குப் பிறகு காந்தாரி வேடம் கட்டியவர் துடைப்பத்தோடு வந்து மகன் உடல் மேல் விழுந்து ஒப்பாரி வைப்பார். அந்த நேரத்தில் கூட்டம் பாதி கலைந்திருக்கும். தீமிதிக்கு மஞ்சள் துணி கட்டப் போயிருப்பார்கள், பிரியாணிக்கோ கூழுக்கோ வீடு திரும்பியிருப்பார்கள்.

சிட்னி நாடகக்காரர்கள் செய்தது என்ன? நாம் எழுந்து போகிற அந்த இடத்தில் அவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். ஜெயித்தவர் கூந்தல் முடிவதோடு கதையை முடிக்காமல், தோற்ற வீட்டுத் தாய் என்ன செய்வாள் என்று கேட்டார்கள். புதுமை என்றால் லேசர் விளக்கும் எல்.இ.டி. திரையும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தெரிந்த கதையை வேறு ஆளின் வாசலில் நின்று பார்ப்பதுதான் புதுமை. அதற்குக் காசு செலவில்லை.

இதில் நமக்கு ஓர் அவசரமும் இருக்கிறது. பங்காளிச் சண்டை குலத்தை அழித்த கதையை வருஷா வருஷம் பதினெட்டு நாள் கேட்கிறோம். ஆனால் 2023 ஜூன் மாதம் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் வருவதை ஒட்டி எழுந்த தகராறில் கோயிலுக்கே அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அதே அம்மன், அதே பாரதம். கதையைக் கேட்கிறோம், அது நம்மைக் கேள்வி கேட்க விடுவதில்லை. துரியோதனன் சபையில் பீஷ்மரும் துரோணரும் வாய் மூடி உட்கார்ந்திருந்த மாதிரி நாம் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு புதுக் கூத்து கேட்டால், அதைக் கேட்க வேண்டிய முதல் ஊர் நம் வட்டாரத்து ஊர்தான்.

"கூத்தில் புதுக்கதை ஒட்டாது, அது புராணத்துக்குத்தான்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்குப் புரிசையைக் காட்டுவேன். செய்யாறு பக்கத்துச் சின்னக் கிராமம். தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பம். நடேசத் தம்பிரான் ஆட்டத்தைப் பார்த்த பாதிப்பில்தான் எழுத்தாளர் ந. முத்துசாமி கூத்தின் பக்கம் திரும்பி, 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அந்தப் புரிசைக்காரர்கள் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் கதையைக் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். கொலம்பியா நாட்டு மார்க்கேஸ் எழுதிய, பெரிய இறக்கைகளோடு ஒரு கிழவர் கோழிக் கூண்டில் வந்து அடைபடும் கதையையும் கூத்தாக்கினார்கள். கட்டையும் புஜகீர்த்தியும் அரிதாரமும் அப்படியேதான் இருந்தன. கூத்து ஒன்றும் செத்துப்போகவில்லை.

இன்னொன்று. பாரிஸுக்குப் பக்கத்தில் தியேத்ரு து சொலேய் என்று உலகப் புகழ் பெற்ற நாடகக் குழு. அரியான் முனூஷ்கின் என்ற அம்மையார் 1964-இல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. 2016-இல் அவர்கள் போட்ட நாடகம் 'இந்தியாவில் ஓர் அறை'. நாடகம் போடவேண்டிய குழு ஒன்று இந்தியாவில் மாட்டிக்கொள்கிறது, இயக்குநர் ஓடிவிட்டார், உதவியாளராக இருந்த பெண் என்ன நாடகம் போடுவது என்று தெரியாமல் தவிக்கிறாள், அவள் கனவில் உலகமே வந்து போகிறது. அந்தக் கனவுகளின் நடுவே திரை பிடித்துக்கொண்டு தெருக்கூத்து வருகிறது! திரௌபதி துகிலுரிதலும் கர்ணன் சாவும். பல நாட்டு நடிகர்கள் தமிழ்ப் பாட்டைத் தமிழிலேயே பாடி ஆடினார்கள். சொல்லிக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான். அடுத்த வருஷம் நியூயார்க்கிலும் அதை ஆடினார்கள்.

இதைச் சொன்னவுடன் சிலர் "பார்த்தாயா, வெள்ளைக்காரனே நம் கலையைக் கற்றுக்கொள்கிறான்" என்று வாட்ஸாப்பில் மார்தட்டுவார்கள். எனக்கு அதில் பெருமையைவிடக் கூச்சம்தான் அதிகம். பாரிஸ்காரர்கள் மாதக்கணக்கில் கால் வலிக்க அடவு பழகினார்கள். நம் பிள்ளைகள் கோயிலுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் வாழ்க்கையில் நடக்கும் ஒன்றையாவது அந்தக் களரியில் நாம் காட்டினோமா?

நம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். பேர் வேண்டாம். அவரைப் போன தடவை பார்த்தபோது கேட்டேன்.

"எப்படிப் போகுது?"

"எங்க சார், முன்ன ராத்திரி பத்துக்குத் திரை கட்டினா விடியற வரைக்கும் ஆடுவோம். இப்ப பாட்டுக் கச்சேரி முடிஞ்சு பன்னெண்டு மணிக்கு மேலதான் எங்களை ஏத்தறாங்க. சனங்க தூங்கிடுது. கமிட்டியில குடுக்கிறதைப் பதினஞ்சு பேரு பிரிச்சுக்கிட்டா சித்தாள் கூலிகூடத் தேறாது."

"புள்ளைங்க கத்துக்க வர்றாங்களா?"

"என் பையனே தறிக்குப் போறான் சார். அவனை நான் எந்த வாயால கூப்பிடறது?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் கொட்டகை வேண்டும் என்கிறேன். திருவிழாவுக்குத் திருவிழா ஓர் இரவு வேலை கொடுத்துவிட்டு, மீதி நாளெல்லாம் கலையை வாழவை என்றால் அவர் எப்படி வாழவைப்பார்? மாதம் இரண்டு சனிக்கிழமை ஆட ஓர் இடமும், மாலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் ஆட்டமும், நிச்சயமான ஒரு தொகையும் இருந்தால் அவர் மகன் தறியையும் விடாமல் கூத்தையும் விடாமல் இருக்கலாம்.

அதற்குக் கோடிக்கணக்கில் கட்டடம் வேண்டாமா? இங்கேதான் அந்தச் சிட்னி அரங்கத்தின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடம் முன்பு உப்பும் தக்காளி சாஸும் தயாரித்த தொழிற்சாலை. பிறகு அதை நாடக அரங்கமாக்கினார்கள். 1984-இல் அந்த இடம் கைவிட்டுப் போகும் நிலை வந்தது, இடித்துவிடுவார்கள் என்ற பேச்சு. அப்போது நாடக ஆர்வலர்களும் கலைஞர்களுமாக 600 பேருக்கு மேல் சேர்ந்து பங்கு போட்டு அந்தக் கட்டடத்தை வாங்கினார்கள். தனி ஒரு கோடீஸ்வரர் வாங்கவில்லை. 600 சாதாரண ஆட்கள். பாரிஸ் குழு ஆடுவது எங்கே தெரியுமா? பழைய தோட்டாத் தொழிற்சாலையில். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் இந்தியனோஸ்ட்ரம் என்ற குழு பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை நாடக அரங்கமாக வைத்து நடத்தியிருக்கிறது.

சாஸ் கம்பெனி, தோட்டாக் கம்பெனி, சினிமாக் கொட்டகை. இப்போது நம் ஊரைப் பாருங்கள். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, எங்கே திரும்பினாலும் தறி. தொழில் நலிந்து, ஓட்டம் நின்று, கதவு பூட்டிக் கிடக்கும் தறிக்கொட்டகை எத்தனை! உயரமான கூரை, நடுவில் தூண் இல்லாத நீள இடம், நாலாபுறமும் ஜன்னல். தறியை ஓரங்கட்டினால் களரி தயார். பெஞ்சு போட்டால் இருக்கை தயார்.

பணம்? பாரதம் வைக்கும் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு, தலைமுறை தலைமுறையாகப் பதினெட்டு நாள் நாடக விழா நடத்திவரும் சனங்கள் நாம். பெரிய நகரங்களில் இதற்கு மானியம் என்றும் ஸ்பான்சர் என்றும் பெயர். நாம் வரி நோட்டில் எழுதி வசூலிக்கிறோம். அந்த வசூலில் பாட்டுக் கச்சேரிக்கும் சீரியல் லைட்டுக்கும் வாண வேடிக்கைக்கும் போவதில் நூற்றுக்குப் பத்து ரூபாய் எடுத்துவைத்தால் கொட்டகைக்கு வாடகை ஆயிற்று. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகள் 600 பேர் பங்கு சேர்ந்தால் மீதியும் ஆயிற்று. இலவசமாகவும் நடத்த வேண்டாம். ஒரு டீ, ஒரு பஜ்ஜி விலைக்கு டிக்கெட் போடுவோம். காசு கொடுத்து வந்தவன் கவனித்துப் பார்ப்பான்.

"யார் சார் பார்ப்பாங்க? நம்ம சனங்களுக்கு நவீன நாடகமெல்லாம் புரியாது" என்று படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இரண்டு பேர் ஒரு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது அரண்மனை வாசல் என்று ஏற்றுக்கொள்ளும் சனம் இது. பனைமரத்தைக் கைலாயம் என்று நம்பி, அதன் மேல் ஏறும் கூத்துக்காரரை அர்ச்சுனன் என்று கையெடுத்துக் கும்பிடும் சனம். ஆம்பிளை மீசையை மழித்துச் சேலை கட்டி வந்தால் திரௌபதி என்று கண் கலங்கும் சனம். வெறும் மேடையைக் காடாகவும் கடலாகவும் பார்க்கும் பயிற்சியைச் சிட்னிக்காரர்கள் டிக்கெட் எடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். நம் பாட்டிமார்கள் அதில் எம்.ஏ. முடித்தவர்கள்.

பள்ளிகளுக்கு வருகிறேன். நான் இடைநிலை ஆசிரியராக இருந்தவன், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளோடு காலம் கழித்தவன். திக்கிப் பேசும் பிள்ளை, வாயே திறக்காத பிள்ளை, நாலு வரி வசனம் கொடுத்து மேடையில் ஏற்றியதும் வேறு ஆளாக மாறியதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த எந்தக் கற்பித்தல் முறையும் அந்த வேலையை அவ்வளவு சீக்கிரம் செய்ததில்லை. இப்போது ஆண்டு விழா என்றால் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு வரிசையாக ஆட விடுகிறார்கள். பிள்ளை வாயிலிருந்து ஒரு சொல் வருவதில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடத்துகிறார்கள், நல்ல முயற்சி. ஆனால் போட்டிக்கு முந்தைய வாரம் மட்டும் நாடகம் பழகினால் சான்றிதழ் வரும், நடிப்பு வராது. பக்கத்தில் கொட்டகையும் கூத்து வாத்தியாரும் இருந்தால் வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். வாத்தியாருக்கும் ஒரு வருமானம்.

என்ன நாடகம் போடுவது? கதைக்கா பஞ்சம்? தறி நெய்து நெய்து முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை அடைக்க முடியாத வீட்டுக் கதை இருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழில் பரீட்சை எழுதத் தடுமாறும் பிள்ளையின் கதை இருக்கிறது. எல்லைக்கோடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஊரே தூங்காமல் இருந்த காலத்தின் கதை இருக்கிறது. அந்த எல்லைச் சிக்கல் போராட்டம், வழக்கு, பேச்சுவார்த்தை என்று போய் 1960-இல் ஒரு வழியாக முடிந்தது. சிறை போனவர்கள் உண்டு, உயிர் விட்டவர்களும் உண்டு. ஆனாலும் அக்கம்பக்கத்துத் தமிழ் வீடும் தெலுங்கு வீடும் சம்பந்தம் பேசுவதை நிறுத்தவில்லை. மொழிச் சிக்கல் இலங்கையில் எங்கே கொண்டுபோய் விட்டது என்று சிட்னி மேடையில் பார்த்தேன். அது நம் ஊரில் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை, யார் யார் பொறுத்துக்கொண்டார்கள், யார் விட்டுக்கொடுத்தார்கள் என்பதை ஒரு கூத்தாக ஆடினால் இலங்கைக்காரரும் வந்து பார்ப்பார்.

காந்தாரியையும் விட்டுவிட வேண்டாம். படுகளத்துக்கு மறுநாள் அவளுக்கென்று ஓர் இரவு கொடுங்கள். கூந்தல் முடித்த திரௌபதியும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள்தான், உபபாண்டவர் ஐந்து பேரையும் தூக்கத்தில் கொன்றுவிட்டான் அசுவத்தாமன். இரண்டு தாய்மார்களையும் ஒரே களரியில் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விட்டால் என்ன பேசிக்கொள்வார்கள்? நம் கூத்து வாத்தியாரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "முகாரியில எடுக்கலாம் சார்" என்றார்.

ஆக, கேட்பது மூன்று. கமிட்டிக்காரர்களே, வருகிற பாரதத்தில் கூத்தை ஒன்பது மணிக்கே மேடையேற்றுங்கள், அவர்கள் தொகையைக் கடைசி நாள் வரை இழுக்காமல் கையில் கொடுங்கள். ஆசிரியர் நண்பர்களே, இந்த வருஷ ஆண்டு விழாவில் பிள்ளைகள் சொந்தக் குரலில் பேசும் ஒரே ஒரு நாடகமாவது போடுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளே, பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டுத் தறிக்கொட்டகை எதையாவது மாதம் இரண்டு சனிக்கிழமைக்குத் தருவீர்களா என்று சொல்லுங்கள். பெருக்கி, வெள்ளையடித்து, பெஞ்சு போடும் வேலையை எங்களைப் போல ஓய்வு பெற்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம். முதல் ஆட்டம் காந்தாரியும் திரௌபதியும். கட்டியக்காரன் இரண்டு மொழியிலும் பேசுவான்.